'பூமிபோல்' என்னும் பெயருக்குப் பொருள் யாது?

தாய்லாந்து தேசத்தில் எழுபது ஆண்டுகள் அரசு வீற்றிருந்த மன்னர் ஒருவர் 2016 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 13 ஆந் திகதி காலமானார். அச்செய்தி நம் பத்திரிகைகளிலும் வெளியாயிற்று. சிலவற்றில் அவர் பெயர் 'பூமிபோல்' என்றும், வேறு சிலவற்றில் 'பூமிபால்' என்றும் அச்சிடப்பட்டிருந்தது. காலையிற் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்த என் பேத்தி, "அம்மப்பா, பூமிபோல் என்றால் பூமியைப் போன்றவர் என்றா பொருள்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது சிறு கேள்விதான். ஆயினும் என் நெஞ்சில் அது தைத்தது. ஏனெனில், அதே பொருளை ஒரு காலத்தில் வகுப்பறையில் நின்று துணிந்து கற்பித்தவன் நான். பொது அறிவுப் பாடத்தில் உலகத்து அரசர்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுக்கும்போது, "தாய்லாந்து மன்னரின் பெயர் எவ்வளவு அழகிய தமிழ்ப் பெயர் பாருங்கள்! பூமிபோற் பொறுமையுடையவர் என்று பொருள்" என்பேன். மாணவர்களும் மகிழ்ச்சியோடு ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். நானும் ஒரு புதுமையைக் கண்டறிந்தவன் போலப் பெருமிதங் கொள்வேன். அது முழுப் பிழை என்று அறிந்த நாளையும், அறிந்தபின் இன்னொரு பெயரைப்பற்றி எனக்கு உண்டான வருத்தத்தையும் இங்கே கூறக் கருதுகிறேன்.

புகையிரதத்தில் ஒரு பாடம்

1981 ஆம் ஆண்டு. விடைத்தாள் திருத்தும் பணி முடிந்து கண்டியிலிருந்து கொழும்புக்குப் புகையிரதத்தில் வந்துகொண்டிருந்தேன். எதிரே, கண்டியில் ஒரு விகாரையில் தங்கிப் பாளி கற்றுவந்த இளம் பிக்கு ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் சீயதேசத்தவர். சீயத்துக்கும் கண்டிக்கும் உள்ள தொடர்பு பழையது. கண்டியைக் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஆண்ட காலத்தில், 1753 ஆம் ஆண்டு, அயோத்தியா நகரிலிருந்து வந்த உபாலி தேரர் இங்கே பிக்குகளுக்கு உபசம்பதை அளித்தார். சியாம் நிக்காயம் என்ற பெயர் அதனால் வந்ததே. அவரை வரவேற்ற அரசனோ தென்னாட்டு நாயக்கர் மரபினன்.

இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் உரையாடினோம். என் கையிலிருந்த பத்திரிகையில் அவர் நாட்டு மன்னரின் படம் இருந்தது. நான் என் வழக்கமான விளக்கத்தை அவரிடமும் எடுத்துவிட்டேன். பிக்கு நகைக்கவில்லை. சிறிது நேரம் யோசித்தார். பிறகு என் குறிப்புப் புத்தகத்தை வாங்கி, அதில் மன்னர் பெயரைத் தம் நாட்டெழுத்தில் எழுதினார். அதன் கீழே, பாளி கற்பதற்காகத் தாம் பழகிய சிங்கள எழுத்தில் அதனையே எழுதினார். நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். பூ, மி, ப, ல. பூமி பல!

"பூமியினுடைய பலம்" என்றேன்.

"ஆம், எழுத்து அப்படி. ஆனால் எங்கள் நாட்டில் அதனை ஒருவரும் அப்படி உச்சரிப்பதில்லை" என்று கூறி, அவர் அப்பெயரை வாய்விட்டுச் சொன்னார். என் காதுக்கு அது 'பூமிபோன்' என்று கேட்டது. இரண்டு பகரங்களும் மூச்சுக் காற்றோடு வெளிவந்தன. ஈற்றில் லகரம் இல்லவே இல்லை, னகரமே ஒலித்தது.

எழுத்திலே 'பூமிபல', நாவிலே 'பூமிபோன்', ஆங்கில எழுத்தின் வழியாக நமக்கு வந்தது 'பூமிபோல்'. மூன்றாவதை மட்டும் கண்ட நான், அதற்குத் தமிழகராதியில் பொருள் தேடியிருக்கிறேன். ஊரும் தெரியாமல், உறவும் தெரியாமல், முகச்சாயலைக் கொண்டு ஒருவனைத் தன் மருமகன் என்று கூறியவனின் நிலை எனக்கு நேர்ந்தது.

எழுத்து ஒன்று, ஒலி ஒன்று

சீயமொழியின் எழுத்துக்கள் பழைய தென்னிந்திய எழுத்தின் வழி வந்தவை. அந்நாட்டார் வடமொழியிலிருந்தும் பாளியிலிருந்தும் பெயர்களை எடுத்தபோது, மூலத்தின் எழுத்தைப் பெரும்பாலும் மாற்றாது காத்தனர். ஒலியையோ தம் நாவுக்கு இசைந்தபடி அமைத்துக்கொண்டனர். அன்று அப்பிக்கு சொல்லியவற்றையும், பின்னர் நான் நூல்களிற் கண்டவற்றையும் மாணவர்களின் பொருட்டுச் சுருங்கத் தருகிறேன்.

முதலாவது: சொல்லின் ஈற்றில் நிற்கும் லகரமும் ரகரமும் னகரமாக ஒலிக்கும். 'பல' என்பது 'போன்' ஆவதும், 'நகர' என்பது 'நகோன்' ஆவதும் இதனாலேயே.

இரண்டாவது: ஈற்றிலுள்ள குற்றகரம் பெரும்பாலும் ஒலியாது ஒழியும். அவ்வாறு ஒழியும்போது அதற்கு முன்னுள்ள அகரம் ஒகரத்தின் சாயலை அடையும். மேலே காட்டிய இரு சொற்களிலும் இதனையும் காணலாம்.

மூன்றாவது: மூலத்திலுள்ள வல்லொலித் தகரம் பலவிடங்களில் ஆங்கில 'டி' போன்ற மெல்லொலி ஆகும், அவ்வாறே 'புரி' என்பது 'buri' என்று சொல்வார் போல மெல்லொலிப் பகரம் பெறும், எனவே காஞ்சனபுரி அங்கே 'காஞ்சனபுரி' என்றே நம் எழுத்தில் வரினும், அதன் பகரம் 'பம்பரம்' என்னுஞ் சொல்லின் இடைப்பகரம் போல ஒலிக்கும். இதற்கு மறுதலையாக, மூலத்தில் மெல்லொலியாக உள்ளவை மூச்சோடு கூடிய வல்லொலி ஆகும். 'தேவ' என்பது 'தேப்' ஆவதும், 'ஜய' என்பது 'சை' ஆவதும் இவ்வகை.

நான்காவது: சொல்லின் ஈற்றில் நிற்கும் சகர, ஜகர, தகர வகைகள் யாவும் 'ட்' என்று அடைபட்டு முடியும். பூமிபல மன்னரின் பெயருக்குப் பின்னால் வரும் 'அதுல்ய தேஜ' என்பது, 'அடுன்யடேட்' என்று ஒலிப்பதற்கு இவ்விதிகளே காரணம். ஒப்பற்ற ஒளி அல்லது ஒப்பற்ற ஆற்றல் உடையவர் என்பது அதன் பொருள்.

இவற்றோடு ஒரு சுவையான செய்தியும் உண்டு. எழுதப்பட்டும் ஒலிக்கப்படாத எழுத்தின் தலைமீது சீயத்தார் ஒரு சிறு சுழியை இடுவர். அச்சுழிக்குப் பெயர் 'தண்டகாத'. தண்டத்தால், அஃதாவது தடியால், அடித்தல் என்பது அதன் பொருள். எழுத்தைத் தடியால் அடித்து வாயை மூடச் செய்கிறார்கள். ஆனால் வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை. அவ்வெழுத்து மௌனமாக இருந்து, இப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்பவருக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறது.

பாங்கொக் விமான நிலையத்தில் இறங்குகின்ற நம்மவர்களும் இதனை நேரிற் காணலாம். அந்நிலையம் 2006 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்குப் பெயர் சூட்டியவர் பூமிபல மன்னரே. பெயர்ப்பலகையில் 'சுவர்ணபூமி' என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். ஒலிபெருக்கியிலோ 'சுவன்னபூம்' என்று கேட்கும். பலகையை வாசித்தவர் பொருளை அறிவார். ஒலிபெருக்கியைக் கேட்டவர் ஒலியை அறிவார். இரண்டையும் சேர்த்து அறிந்தவரே பெயரை அறிந்தவர்.

முடியும் முடிமணியும்

இந்த விளக்கை ஏந்திக்கொண்டு பாங்கொக் அரசவம்சத்தாரின் பெயர்களை நோக்கினால், அவை அந்நியப் பெயர்களாகவே தோன்றமாட்டா.

1851 ஆம் ஆண்டு முதல் 1868 ஆம் ஆண்டு வரை ஆண்டவர் 'மொங்குட்'. இது 'மகுட' என்பதே. நாம் மகுடம் என்கிறோம். அரசராவதற்கு முன் இருபத்தேழு ஆண்டுகள் துறவியாக இருந்தவர் அவர். துறவில் அவருக்கு இருந்த பெயர் வஜிரஞாண. வைரம் போன்ற ஞானம் என்பது அதன் பொருள்.

அவர் மகன் 'சுலாலொங்கோன்'. 1868 முதல் 1910 வரை ஆண்டு, அடிமை முறையை ஒழித்தவர். ஐரோப்பாவுக்குச் சென்ற வழியில் 1897 ஆம் ஆண்டு கொழும்பில் இறங்கிக் கண்டிக்குச் சென்று தலதா மாளிகையையும் தரிசித்தவர். அவர் பெயரை அசையசையாகப் பிரித்தால் 'சூளா' என்றும் 'அலங்கரண' என்றும் இரு சொற்கள் வரும். சூளா, சூடா என்பன உச்சிமுடியைக் குறிக்கும் சொற்கள். சூளாமணி, சூடாமணி என்று நாம் வழங்கும் சொற்களில் உள்ளதும் அதுவே. எனவே தந்தை மகுடம். மைந்தர் முடிக்கு அலங்காரம்.

அடுத்தவர் 'வச்சிராவுட்'. வச்சிராயுதம் என்று அறிய நமக்கு அதிக நேரம் செல்லாது. இந்திரன் கைப்படை அது. இம்மன்னர் காலத்தில், 1913 ஆம் ஆண்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் குடும்பப்பெயர் இருத்தல் வேண்டும் என்று சட்டம் பிறந்தது. மன்னரே 6,000 க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் பெயர் ஆக்கிக் கொடுத்தார். தம் கைப்படைப் பெயருக்கு ஏற்ப அவர் கையாண்ட ஆயுதம் அகராதி போலும்!

அவருக்குப்பின் 1925 இல் பட்டத்துக்கு வந்தவர் 'பிரச்சாதிப்பொக்'. பிரஜைகளுக்கு அதிபர் என்பது பொருள். அவர் காலத்திலேதான், 1932 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24 ஆந் திகதி, அரசரின் வரம்பற்ற ஆட்சி முடிவுற்றது. 1935 இல் அவர் முடிதுறந்தார். புதிய ஆட்சிமுறைக்கு, அஃதாவது மக்களாட்சிக்கு, சீயமொழியிற் பெயர் 'பிரச்சாதிபதை'. பிரஜைகளின் ஆதிபத்தியம் என்பது அதன் மூலம். அரசரின் பெயரிலும் மக்களாட்சியின் பெயரிலும் இருப்பவை அதே இரண்டு வேர்கள். பிரஜைகளுக்கு அதிபர் என்பது போய், பிரஜைகளே அதிபர் என்று ஆயிற்று. ஒரு நாட்டின் வரலாற்றுத் திருப்பம் இலக்கணத்தின் ஒரு வேற்றுமைத் திருப்பத்துள் அடங்கிக் கிடப்பதைப் பாருங்கள்.

பின்னர்ப் பட்டமேறிய சிறுவர் ஆனந்த மகிதலர். மகிதலம் என்றால் நிலவுலகம். அது அங்கே 'மஹிடோன்' என்று ஒலிக்கும். அவர் 1946 இல் இளவயதிலேயே உயிர் நீத்தார். அவர் தம்பியே நாம் பேசிவரும் பூமிபல மன்னர். 2016 இல் அவருக்குப்பின் அரசராகி, 2019 ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிசூடியவர் அவருடைய மகன் 'வச்சிராலொங்கோன்'. இப்பெயர் வஜிர, அலங்கரண என்பவற்றின் கூட்டு. முற்பகுதி மகுட மன்னரின் துறவுப்பெயரிலிருந்தும், பிற்பகுதி சூளாலங்கரணர் பெயரிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பாட்டன், பூட்டன் பெயரைப் பிள்ளைக்கு இடும் நம் வழக்கத்தின் மற்றொரு வடிவம் இது.

தந்தியில் வந்த பெயர்

பூமிபல மன்னர் பிறந்தது சீயத்தில் அன்று. அவருடைய தந்தையார் மகிதல இளவரசர் அமெரிக்காவில் மருத்துவம் கற்றுக்கொண்டிருந்தபோது, மசச்சூசெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் 1927 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 5 ஆந் திகதி குழந்தை பிறந்தது. அரச மரபுக் குழந்தைக்குப் பெற்றோர் தம் விருப்பப்படி பெயரிடல் ஆகாது. மன்னரே பெயர் அருளுதல் வேண்டும். ஆகையால் வைத்தியசாலைப் பிறப்புப் பத்திரத்தில் 'சொங்கலாக் குழந்தை' என்று மட்டும் எழுதினார்கள். சொங்கலா என்பது தந்தையாரின் பட்டத்துக்குரிய நகரம். பின்னர் சிறிய தகப்பனார் முறையான பிரஜாதிபக மன்னரிடமிருந்து பாங்கொக்கிலிருந்து தந்தி வந்தது. அதில் இப்பெயர் இருந்தது.

தந்தியோ ஆங்கில எழுத்தில் வருவது. பெயருக்குரியவர் தொட்டிலிற் கிடக்கையிலேயே, அவர் பெயர் தன் எழுத்தைவிட்டு மாற்றெழுத்தில் கடல் கடந்து வரவேண்டியதாயிற்று. வெளிநாடுகளில் பிள்ளை பெறும் நம்மவர்களுக்கு இது புதுமையன்று. பெயரை அந்நாட்டு எழுத்திற் பதிந்தவுடன், அது அந்நாட்டார் நாவிற்கேற்பத் திரியத் தொடங்கிவிடுகிறது.

எனினும் அவர் பெயரின் பொருள் தொலையவில்லை. அதற்குக் காரணம் அவருடைய தாயார். பூமியின் பலம் என்பது உன் பெயர். ஆகையால் நீ மண்ணோடு ஒட்டி வாழவேண்டும் என்பது தாயாரின் விருப்பமாக இருந்தது என்று மன்னர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பின்னாளில் அவர் மலைநாட்டுக் குடியானவர்களின் நிலத்திலும் நீர்ப்பாசனத்திலும் கருத்தூன்றியவர் என்பது உலகறிந்தது. பெயர்தான் அதற்குக் காரணம் என்று நான் கூறமாட்டேன். ஆனால் தாய் தன் பிள்ளைக்கு அவன் பெயரின் பொருளைச் சொன்னாள். பிள்ளை அதனை முதுமை வரையும் மறக்கவில்லை. இவ்விரண்டும் சிறிய காரியங்களல்ல.

மண்ணோடு வாழ் என்ற தாயின் விருப்பத்துக்கும், பூமிபோற் பொறுமையுடையவர் என்ற என் உரைக்கும் தூரம் அதிகமில்லை என்று என்னைத் தேற்றிக்கொள்ளலாம். ஆயினும் பிழை பிழையே. தற்செயலாக வாசலருகே போய் விழுந்தவனை வழி தெரிந்தவன் என்று கூற முடியாது.

நம் நாவும் அவ்வாறே

பலத்தைப் 'போன்' ஆக்கியவர்களைக் கண்டு நாம் நகைத்தல் தகுமா? நகைப்பதற்கு முன் நம் வீட்டைப் பார்க்கவேண்டும்.

வடசொற்களை எடுக்குமிடத்து வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் வழங்குதற்குத் தொல்காப்பியம் எச்சவியலில் இடந்தருகிறது. நன்னூல் அதற்கு விரிவாக விதி கூறுகிறது. அவ்விதிகளின்படி லக்ஷ்மணன் இலக்குவன் ஆனான். விபீஷணன் வீடணன் ஆனான். ராஜராஜன் இராசராசன் ஆனான். சோழர் கல்வெட்டுக்களைப் படிப்போர் 'இராசகேசரிபன்மர்', 'பரகேசரிபன்மர்' என்ற பட்டப்பெயர்களை அடிக்கடி காண்பர். சோழ அரசர் ஒருவர் மாற்றி ஒருவராக இவ்விரண்டையும் தரித்தனர். கேசரி என்றால் சிங்கம். 'பன்மர்' என்றால் என்ன? மகேந்திரவர்மன், நரசிங்கவர்மன் என்று பல்லவர் பெயரிலும், சூரியவர்மன், ஜயவர்மன் என்று காம்போச அரசர் பெயரிலும் உள்ள 'வர்மன்' என்பதே அது. கவசம் என்பது அதன் பொருள். அரசரைக் குடிகளின் கவசமாகக் கொண்ட பெயர். வர்மன் பன்மன் ஆனது நம் முன்னோர் நாவில்தான்.

இன்னுமோர் எடுத்துக்காட்டு. கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டின் அரசன் ஒருவனுக்குச் சூளாமணிவர்மன் என்று பெயர். முதலாம் இராசராச சோழன் காலத்தில் நாகபட்டினத்தில் அவன் பெயரால் ஒரு பௌத்த விகாரம் எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைச் சோழன் தானமாக அளித்தான். லெய்டன் செப்பேடுகள் என்று ஆராய்ச்சியாளர் வழங்கும் ஏடுகளில் இச்செய்தி வடமொழியிலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. வடமொழிப் பகுதியில் அவன் பெயர் சூளாமணிவர்மன். தமிழ்ப் பகுதியில் 'சூளாமணிபன்மன்'. ஒரே செப்பேட்டில், ஒரே அரசனுக்கு, இரண்டு நாவுகளுக்கு இரண்டு ஒலிகள். அதனால் அவ்வரசனை ஒருவரும் அவமதித்ததாகக் கருதவில்லை. பொருள் மாறாமல் நின்றதே அதற்குக் காரணம்.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1619 ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் கைப்பற்றும் வரை இங்கே ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள், செகராசசேகரன், பரராசசேகரன் என்ற பட்டங்களைச் சோழரைப் போலவே மாறிமாறித் தரித்தனர். 'செக' என்பது ஜகம். சேகரம் என்பது தலையிலணியும் அணி. உலகத்து அரசர்க்கெல்லாம் முடியணி போன்றவன் செகராசசேகரன். செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் அப்பட்டங்களின் பெயராலேயே வழங்குகின்றன. இணுவிலிற் பரராசசேகரப் பிள்ளையார் கோயில் இன்றும் உண்டு.

இப்பொழுது சூளாலங்கரணர் பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். முடிக்கு அலங்காரம் என்பதும் சேகரம் என்பதும் ஒன்றேயன்றோ? பாங்கொக் அரண்மனையில் இருந்தவரும் நல்லூரில் இருந்தவரும் ஒரே பொருளை இரண்டு சொற்களாற் சூடியிருக்கிறார்கள். நம் கிராமங்களிற் குலசேகரம், இராசசேகரம், சந்திரசேகரம் என்ற பெயர்களோடு கடை வைத்திருப்பவரும், தோட்டஞ் செய்பவரும், தபாற்கந்தோரில் வேலை பார்ப்பவரும் அதே அணியைத் தலையிற் சுமந்துகொண்டுதான் திரிகிறார்கள்.

தமிழே சீய நாவிற் புகுந்து உருமாறிய கதையும் உண்டு. அந்நாட்டு அரண்மனைப் பிராமணர் ஆண்டுதோறும் மார்கழி, தைப் பருவத்தில் நடத்தும் சடங்குக்கு 'திரியம்பவாய்' என்று பெயர். நம் வீடுகளிலும் கோயில்களிலும் மார்கழி விடியலிற் பாடும் திருவெம்பாவையே அது. அதனை அடுத்து வரும் 'திரிபவாய்' திருப்பாவை. நம் காதுக்குச் சிதைந்தது போலத் தோன்றினும், அவர்கள் அதனைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்திருக்கிறார்கள். நம் சொல்லை அவர்கள் நாவு அறிந்தவாறு காத்ததற்கு நாம் நன்றி கூறவே வேண்டும்.

நான் சொல்லாது விட்ட பெயர்

இனி என் வருத்தத்தைக் கூறுகிறேன். அப்புகையிரதப் பயணத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிற் சூடாமணி என்ற பெயருடைய மாணவி ஒருத்தி இருந்தாள். பாட்டியின் பெயரை அவளுக்கு இட்டிருந்தனர். நாகரிகப் பெயர்கள் பெருகிவந்த காலம் அது. உடன்பயின்ற பிள்ளைகள் அவளைச் 'சூடு' என்று அழைப்பார்கள். அவள் கோபித்தால், "சூடு ஏறிவிட்டது" என்று மேலும் நகைப்பார்கள். வரவு இடாப்பை வாசிக்கும்போது நானே ஓரொரு தடவை அந்நகைப்பைக் கேட்டும் கேளாதவன் போல இருந்திருக்கிறேன். சில வேளை புன்னகையும் செய்திருக்கிறேன். பிற்காலத்தில் அவள் தன் பெயரைச் சட்டப்படி மாற்றி, இரண்டெழுத்தில் ஒரு பெயரை வைத்துக்கொண்டாள் என்று கேள்வியுற்றேன்.

பிக்கு எழுதித் தந்த பெயரைத் தொடர்ந்து நான் நூல்களைத் தேடியபோதுதான், கடல் கடந்த பேரரசன் ஒருவன் அதே பெயரைத் தரித்திருந்தான் என்றும், நாகபட்டினத்து விகாரம் ஒன்று அப்பெயரால் விளங்கியது என்றும், உச்சியில் அணியும் மணி என்பது அதன் பொருள் என்றும் ஒருசேர அறிந்தேன். ஒரு நாட் காலையில், வரவு இடாப்பை மூடிவைத்துவிட்டு, ஐந்து நிமிடம் அக்கதையைச் சொல்லியிருந்தால் போதும். வகுப்பு அடங்கியிருக்கும். அச்சிறுமி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். அயல்நாட்டு அரசர் பெயருக்கு இல்லாத பொருளைக் கற்பித்துக் கூறிய நான், கண்முன் இருந்த குழந்தையின் பெயருக்கு உள்ள பொருளைக் கூறாது விட்டேன்.

பெற்றோரும் மாணவரும் செய்யத்தக்கது

பெயரொன்றை அறிவதற்கு இருவரிடம் செல்லவேண்டும் என்பதே நான் கற்ற பாடம். ஒலியை அப்பெயருக்கு உரியவரிடம் கேட்டறிதல் வேண்டும். அவர் நாவில் அது எப்படி வழங்குகிறதோ அதுவே செவ்விய உச்சரிப்பு. பொருளையோ அதன் மூலச்சொல்லிடம் சென்று அறிதல் வேண்டும். நம் மொழியிலுள்ள ஏதோ ஒரு சொல்லோடு ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு பொருள் கூறிவிடலாகாது. அந்நியரின் பெயரை அவர் சொல்வதுபோலச் சொல்ல முயல்வது அவருக்கு நாம் இடும் முதல் ஆசனம். முயன்றும் நம் நாவு ஒத்துழையாவிடின் குற்றமில்லை. பன்மர் என்ற நம் முன்னோர் வழி நமக்கும் உண்டு.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். எண்சாத்திரம் பார்த்து இன்ன எழுத்தில் தொடங்கவேண்டும் என்று தேடி, எம்மொழியிலும் பொருளில்லாத ஓசைகளைப் பிள்ளைகளுக்குச் சூட்டுவது இன்று பெருகியிருக்கிறது. பொருளுள்ள பெயரை இடுங்கள். இட்டபின், அதன் பொருளையும், அப்பெயரை முன்னர்த் தரித்தவர் யார் என்பதையும் பிள்ளைக்கு விளங்கும் வயதிற் சொல்லுங்கள். பிறர் கேலி செய்யும் நாளில் அப்பிள்ளைக்குத் துணை நிற்பது அந்த அறிவுதான்.

என் பேத்திக்கு அன்று காலையிலேயே விடை கூறினேன். தன் பத்திரிகையில் 'பூமிபோல்' என்ற சொல்லின் கீழே பென்சிலாற் 'பூமிபலம்' என்று எழுதிவைத்தாள். முன்னாளில் என்னிடம் பயின்றவர்களில் எவரேனும் இதனை வாசிக்க நேர்ந்தால், அவர்களும் தங்கள் ஏட்டிலே அவ்வாறே திருத்திக்கொள்வார்களாக. தன் பழைய பெயரை விட்டுவிட்ட அந்த மாணவியின் கண்ணில் இது படுமாயின், அப்பெயருக்கு உரிய கதை இதுதான் என்று, மிகப் பிந்தியாவது, அவளுக்குக் கூறியவனாவேன்.